ஆற்றில் எவ்வளவு தண்ணீர்?

சிவில் இன்ஜினீயரிங் பட்டம் பெற்று வெளிவருகிற ஒருவர், தாம் படித்த நான்கு வருஷங்களில் தண்ணீரைப் பற்றிப் போட்ட கணக்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். விநாடிக்கு 10 கன மீட்டர் நீர் ஓடவேண்டிய வாய்க்காலுக்கு அகலம் என்ன, ஆழம் என்ன என்று வினாத்தாள் கேட்கும். மாணவரும் சூத்திரத்தை எழுதி, எண்களை இட்டு, விடையின் அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அந்த 10 என்ற எண்ணை யார் கொடுத்தார்கள், எந்த இடத்தில் நின்று எந்தக் கருவியால் அளந்தார்கள், எல்லா வருஷங்களிலும் அது பத்தாகவே இருக்குமா, கோடையில் அது இரண்டாகி ஐப்பசியில் இருநூறானால் அந்த வாய்க்காலின் கதி என்ன என்பதையெல்லாம் மாணவர் கேட்பதில்லை, வினாத்தாளும் சொல்வதில்லை. கட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு ஏதாவது ஓர் எண்ணைக் கையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதால் இதை ஒரு குறையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே மாணவர் மேலும் இரண்டு வருஷம் நீர்வளப் பொறியியலை எம்.இ. அல்லது எம்.டெக். வகுப்பில் படிக்கப் புகுந்தாரானால், இதுவரை கேள்விக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்த அந்த எண்ணே பாடமாகிவிடுகிறது. அதை எப்படி உண்டாக்குகிறார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம், அதை நம்பி யாருக்கு எவ்வளவு பங்கிடலாம் என்பதுதான் அந்த மேற்படிப்பின் முழு விஷயமும் என்பது என் அபிப்பிராயம்.

நம் பக்கத்தில் இந்தப் படிப்புக்குப் பழமையான இடம் கிண்டி. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிறது. அங்குள்ள நீர்வள மையத்தில் நீரியலும் பாசன நீர் மேலாண்மையும் தனித்தனி மேற்படிப்புகளாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றன. சற்றுத் தொலைவிலேயே சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது. வடக்கே ரூர்க்கி. கங்கைக் கால்வாயை வெட்டுவதற்கு ஆள் வேண்டும் என்ற ஒரே அவசியத்தால் 1847-ல் அங்கே ஒரு பொறியியல் கல்லூரி பிறந்தது. கால்வாய் 1854-ல் திறக்கப்பட்ட பின்னும் கல்லூரி நிலைத்து, பின்னர்ச் சர்வகலாசாலையாகி, 2001-ல் ஐ.ஐ.டி. ஆயிற்று. ஆசிய, ஆப்பிரிக்க தேசங்களின் பொறியாளர்களுக்கும் சேர்த்து நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையம் ஒன்று 1955-லேயே அங்கு ஏற்பட்டது. கடல் மட்டத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் ஹாலந்து தேசத்தில், டெல்ஃப்ட் நகரத்தில், 1957 முதல் இதே காரியத்தைச் செய்துவரும் ஸ்தாபனத்துக்கு நம்மவர்களும் போய்ப் படித்துத் திரும்புகிறார்கள்.

சேருவதற்கு வழி பெரும்பாலும் ‘கேட்’ பரீட்சை. அதில் தேறி ஐ.ஐ.டி. முதலிய இடங்களில் சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் ‘சீட்டா’ என்ற தன் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் ஏற்கிறது. வகுப்பில் இருக்கிறவர்கள் ஒரே வார்ப்பினர் அல்லர். நேற்றுத்தான் பட்டம் வாங்கிய இருபத்திரண்டு வயதுப் பெண்ணும், வேளாண் பொறியியல் படித்த இளைஞரும், ஏரிக்கரை உடைந்த இரவில் மணல் மூட்டை அடுக்கிப் பழகிய உதவிப் பொறியாளரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். அந்த மூன்றாமவர் கடைசி வரிசையிலிருந்து கேட்கும் சந்தேகங்களுக்காகவே அந்த வகுப்புக்குப் போகலாம்.

முதல் செமஸ்டரின் பெரும்பகுதியை நீரியல் எடுத்துக்கொள்ளும். குழாயிலும் வாய்க்காலிலும் ஓடும் நீரைப் பற்றிய சாஸ்திரம் பழையது. மண்ணில் விழுந்த மழை எவ்வளவு, அதில் ஆவியாவது எவ்வளவு, மண் குடிப்பது எவ்வளவு, மிஞ்சி ஆற்றுக்கு வருவது எவ்வளவு என்ற கணக்கோ முறையான சாஸ்திரமாக உருப்பெற்றுச் சுமார் நூறு வருஷந்தான் ஆகிறது. ஒரு பிரதேசத்தில் ஒரு சென்டிமீட்டர் மழையின் மிகுதி வழிந்தோடினால் அதன் முகத்துவாரத்தில் மணிக்கு மணி எவ்வளவு நீர் வரும் என்று ஒருமுறை கண்டுகொண்டால், எந்த மழைக்கும் அதைப் பெருக்கியும் கூட்டியும் வெள்ளத்தை வரைந்துவிடலாம் என்ற யுக்தியை ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1932-ல் வெளியிட்டார். ‘யூனிட் ஹைட்ரோகிராஃப்’ என்னும் அந்த யுக்தியைப் போடாத நீரியல் மாணவர் உலகத்தில் எங்கும் இல்லை.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? மதராஸ் மாகாணத்தில் ரைவ்ஸ் சூத்திரம் இருந்தது, இன்னும் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு, ஒரு குணகத்தால் பெருக்கினால் பெருவெள்ளம் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். குணகம் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதற்கு அப்பால் 8.5, மலையோரத்துச் சிறு பகுதிகளில் 10.2. பரப்பு 1,000 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குணகத்துக்கு 680 வருகிறது, கடைசிக் குணகத்துக்கு 1,020 வருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்கு ஏறக்குறைய 12,000 கன அடி. பாலத்தின் கண்களையும் கலிங்கின் நீளத்தையும் தீர்மானிக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம், இந்த இடத்தை மலையோரம் என்று கொள்ளலாமா கூடாதா என்று ஒரு பொறியாளர் தம் மேஜையில் உட்கார்ந்து செய்கிற முடிவில் அடங்கியிருக்கிறது. எனக்கு இந்தச் சூத்திரத்தின் மேல் பரிவு உண்டு. மாகாணத்தில் அளவுகோல்கள் போதிய அளவில் நடப்படாத காலத்தில், குதிரை மேல் சுற்றிய மனிதர்கள் வெள்ளக்கறைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அனுபவத்தை அது மூன்று எண்ணாகச் சுருக்கி வைத்திருக்கிறது. ஆனால் மழையின் பெயரே அதற்குள் இல்லை என்பதை மேற்படிப்பு மாணவர் கவனிக்கவேண்டும்.

இதைவிடத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற பிரயோகம். நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே, போன வருஷம் வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்தில் பார்க்கலாம் என்று படித்தவர்களே பேசக் கேட்கிறோம். ஒவ்வொரு வருஷமும் அந்த அளவை எட்டவோ மீறவோ நூற்றில் ஒரு பங்கு சாத்தியம் உள்ள வெள்ளம் என்பதே அதன் அர்த்தம். பகடையில் ஆறு விழுந்த கையோடு மறுபடி உருட்டினால் மறுபடியும் ஆறு விழலாம். முன்பு விழுந்தது பகடைக்கு நினைவிருப்பதில்லை. அந்தக் கணக்குப்படி, முப்பது வருஷக் கடன் வாங்கி ஆற்றோரத்தில் வீடு கட்டுகிற ஒருவர், கடன் தீர்வதற்குள் நூறாண்டு வெள்ளத்தை ஒருமுறையாவது காண்பதற்கு நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு உண்டு. வங்கி இதை அவரிடம் சொல்வதில்லை.

இனி அளப்பது. கரன்ட் மீட்டர் என்பது ஒரு சிறிய சக்கரம். அதன் விளிம்பில் கிண்ணங்கள். அதை ஈய எடையோடு கயிற்றில் கட்டிப் பாலத்தின் மேலிருந்தோ படகிலிருந்தோ ஆற்றுக்குள் இறக்குகிறார்கள். ஆற்றின் குறுக்கே கயிறு பிடித்து, பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் முதலில் ஆழம் பார்க்கவேண்டும். ஆழம் குறைவான இடத்தில் மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஒரே ஒரு முறையும், ஆழமான இடத்தில் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு ஆகிய இரண்டு ஆழங்களிலும் மீட்டரை நிறுத்தி, ஒரு மாணவர் சுற்றுகளை எண்ண, மற்றொருவர் ஸ்டாப்வாட்சைப் பிடிக்க, மூன்றாமவர் எழுதிக்கொள்ள, கூறு கூறாகப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் அந்த நேரத்தில் ஆற்றில் ஓடிய நீர் கிடைக்கும். நடுவில் ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து வந்து கயிற்றில் சிக்கினால் மீட்டரைத் தூக்கித் துடைத்துவிட்டு அந்தக் கூறை மறுபடி எடுக்கவேண்டும். ஒரு முற்பகல் முழுவதும் கழிந்து கிடைத்தது ஓர் எண், நீர்மட்டம் 2.4 மீட்டராக இருந்தபோது விநாடிக்கு இத்தனை என்று. இப்படி வெவ்வேறு மட்டங்களில் எடுத்த பல எண்களைப் புள்ளி வைத்து, அவற்றின் ஊடே ஒரு வளைகோடு வரைந்துவிட்டால், பிறகு தினமும் பாலத்தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைப் பார்த்து மட்டத்தை எழுதிக்கொண்டு வந்தால் போதும். நீரின் அளவை வளைகோடு சொல்லிவிடும்.

இதில் உள்ள சிக்கல் வெள்ளத்தின்போது வெளிப்படும். ஆறு கரை புரள ஓடி, வேரோடு பெயர்ந்த மரங்கள் மிதந்து வருகையில் படகில் இறங்கி மீட்டர் பிடிக்க எவராலும் இயலாது. ஆகவே வளைகோட்டின் உச்சிப் பகுதிக்குப் புள்ளிகளே இரா. கீழே உள்ள புள்ளிகளின் போக்கை வைத்து அதை மேலே நீட்டிக்கொள்கிறார்கள். வெள்ளம் வடிந்த பின் சுவர்களில் நின்ற சேற்றுக்கறையை மட்டம் பார்த்து, ஆற்றின் சரிவைக் கொண்டு கணக்கிடுவதும் உண்டு. எந்த எண்ணை நம்பி அணையின் உபரிநீர்ப் போக்கியைக் கட்டுகிறோமோ அந்த எண்தான் நேராக அளக்கப்படாத எண் என்று முதன்முதலில் தெரியவரும்போது மாணவர்கள் சிலர் கலங்குவதுண்டு. கலங்கவேண்டியதுதான்.

எண்ணை உண்டாக்குவது இவ்வளவு கஷ்டம் என்றால், அதைப் பங்கிடுவது எத்தகையது என்பதற்குக் காவிரியைக் காட்டிலும் நல்ல பாடம் வேறு இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் அளித்த இறுதித் தீர்ப்பு, கொள்ளிடம் கீழணை வரையிலான ஆற்றின் நீரை 740 டி.எம்.சி. என்று கொண்டது; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அந்த 740-ல் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10, தடுக்க முடியாமல் கடலுக்குப் போவது 4 என்று பங்கு பிரித்தது. இந்தப் பங்குகளை மனப்பாடமாகச் சொல்பவர்கள் நம்மில் அநேகர். ஆனால் 740-க்குப் பக்கத்தில் ‘50 சதவீத நம்பகத்தில்’ என்று ஒரு சொற்றொடர் நிற்கிறது. அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

நம்பகம் என்பது இதுதான். பல வருஷங்களின் நீர்வரத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், எந்த அளவை நூற்றில் ஐம்பது வருஷங்களில் ஆறு எட்டுகிறதோ அல்லது மீறுகிறதோ அது 50 சதவீத நம்பகத்துக்குரிய அளவு. எஞ்சிய ஐம்பது வருஷங்களில் அதைவிடக் குறைவாகவே வரும். நம் நாட்டில் பாசனத் திட்டங்களுக்கு 75 சதவீத நம்பகத்தை எடுத்துக்கொள்வது சம்பிரதாயம். குடிநீருக்கு அதைவிட அதிகம். 75 என்று எடுத்தால் பங்கிடக் கிடைக்கும் நீர் குறையும், ஆனால் வாக்களித்தபடி கொடுக்க முடியாத வருஷங்களும் குறையும். 50 என்று எடுத்தால் தாளில் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு வருஷம் பற்றாக்குறையைப் பங்கிட்டுக்கொள்ள நேரும். மேட்டூரைப் பார்த்துக்கொண்டு ஜூன் மாதத்தில் டெல்டா விவசாயி நிற்கிற நிலைமைக்கு அரசியல் எவ்வளவு காரணமோ, வரிசைப்படுத்திய பட்டியலில் எந்த இடத்தில் கோடு போட்டார்கள் என்பதும் அவ்வளவு காரணம்.

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 404.25 ஆக்கியபோது, அதில் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டுக் காவிரிப் பகுதியின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது, 4.75 பெங்களூருவின் குடிநீரை முன்னிட்டு. டெல்டாவில் நிலத்துக்கடியில் இருக்கும் நீரில் ஒரு பகுதி அதே காவிரி வாய்க்கால்களிலிருந்து ஊறி இறங்கியதுதான் என்பதால், மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் எண்ணினால் இரட்டைக் கணக்காகிவிடாதா என்ற வாதமும் அந்த வழக்கில் எழுந்தது. இந்த விவாதத்தை வக்கீல்களைப் போலப் பேசாமல், வாய்க்காலின் அடியில் மண் எத்தகையது, நீர் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது, இறங்கியது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்களைத் தயாரிப்பது இந்த மேற்படிப்பின் வேலை.

அதற்கான பாடம் நிலத்தடி நீரியல். பிரான்ஸில் டிஷோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திப் பார்த்து 1856-ல் வெளியிட்ட விதிதான் இதற்கு அஸ்திவாரம். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும்போது சுற்றுவட்டாரத்தில் மட்டம் காலப்போக்கில் எப்படித் தாழ்கிறது என்பதை, உலோகத்தில் வெப்பம் பரவும் கணிதத்தைக் கடன் வாங்கி, 1935-ல் தீஸ் என்ற அமெரிக்கர் தீர்த்துக்காட்டினார். மாணவர்கள் ஒரு தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, முதலில் நிமிஷத்துக்கு ஒருமுறையும் பிறகு நிதானமாகவும் நீர்மட்டத்தை நாடாவால் அளந்து, வரைபடத்தாளில் குறித்து, அது நேர்கோடாக வருகிறதா என்று பார்ப்பார்கள். காவிரி டெல்டாவின் மணலில் அது ஓரளவு ஒழுங்காக வரும். கோயம்புத்தூர், சேலம், தருமபுரிப் பக்கங்களில் வராது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கு அருகில் கடினப் பாறை. அங்கே நீர் மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலுமாக ஒளிந்திருக்கிறது. ஒரே தோட்டத்தில் இருபதடி இடைவெளியில் போட்ட இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று பொங்கும், மற்றொன்று புழுதி கக்கும். டார்சியின் குழாயில் இருந்த மணல் நம் பாறையைக் கண்டதில்லை. தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடக்கும் நீரோட்டம் பார்ப்பவருக்கு அந்த ஊர்களில் இன்றும் வரும்படி இருப்பதற்கு மூடநம்பிக்கையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சாஸ்திரம் அங்கே இன்னும் உறுதியாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை.

கட்டுமானமும் இந்தப் படிப்பில் இல்லாமல் போகவில்லை. மணல் படுகையின் மேல் அணைக்கட்டு ஒன்றை நிறுத்தினால், அதன் அடியில் ஊர்ந்து செல்லும் நீர் மெல்ல மெல்ல மணலை அரித்துக் கட்டடத்தைக் கவிழ்த்துவிடும். இதற்கு பிளை என்பவர் 1910-ல் எளிய விதி ஒன்றைச் சொன்னார். அந்த விதிப்படி பஞ்சாபில் மேல் செனாப் கால்வாயில் கட்டிய சில அமைப்புகள் தொல்லை கொடுக்கத் தொடங்கவே, கோஸ்லா என்ற இந்தியப் பொறியாளரும் அவர் சகாக்களும் அவற்றின் தளத்தில் குழாய்களைச் செருகி, அடியில் உள்ள அழுத்தத்தை நேராகவே அளந்தார்கள். அது பிளையின் கணக்கோடு ஒத்துவரவில்லை. 1936-ல் வெளிவந்த கோஸ்லாவின் கோட்பாட்டைத்தான் இன்றும் நம் மாணவர்கள் அணைக்கட்டுத் தளத்தை வடிவமைக்கப் படிக்கிறார்கள். புத்தகத்தில் இருந்ததை நம்பாமல் குழாயைச் செருகிப் பார்த்தாரே, அந்தச் செய்கை அவருடைய சமன்பாட்டைவிட உயர்ந்தது என்பேன். அவருக்கு நூறு வருஷம் முன்பே, காவிரியில் கல்லணையை ஆராய்ந்த ஆர்தர் காட்டன், இளகிய மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைப் பழைய தமிழ்க் கட்டுநர்களிடம் கற்றதாக ஒப்புக்கொண்டு, அதைக் கொண்டே முக்கொம்பு மேலணையையும் பின்பு கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டையும் எழுப்பினார். அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்ததும் பாடமாகத்தான் படிக்கவேண்டும். பராமரிப்புக்குச் சூத்திரம் இல்லாததால் அது பாடத்திட்டத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாம் செமஸ்டரில் கணினி வந்து சேருகிறது. ஆற்று வெள்ளத்துக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ், நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஸ்வாட், நிலத்தடி நீருக்கு மாட்ஃப்ளோ. மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றைப் பழகாதவருக்கு வேலை கிடைப்பது கடினம் என்பது மெய். ஆயினும் இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஆற்றுப்படுகையின் சொரசொரப்புக்கு மானிங் எண் என்று ஒன்று இருக்கிறது. வழவழப்பான கான்கிரீட்டுக்கு 0.012, சுத்தமான இயற்கை ஓடைக்கு 0.03, செடி கொடி மண்டிய ஓடைக்கு 0.1 வரையிலும் போகும். அடையாற்றுக்கு எதைப் போடுவது? ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர் தயங்குவார். பார்க்காதவர், விடை கண்காணித்த வெள்ளமட்டத்தோடு ஒத்துவரும் வரையில் எண்ணைத் திருகிக்கொண்டே இருந்து, ஒத்துவந்ததும் ‘மாதிரி சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிவிடுவார். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அச்சாகி வரும் வெள்ள வரைபடம் பார்க்கிறவரை மயக்கிவிடும். ஒரு பகுதி வருஷங்களை வைத்துத் திருகு, திருகாத வேறு வருஷங்களை வைத்துச் சோதி என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் நியாயம் இதுதான்.

நீர்த்தேக்கத்தை நடத்தும் பாடத்துக்கு ‘சிஸ்டம்ஸ்’ என்று பெயர். ஹார்வர்டில் பொறியாளர்களும் பொருளாதார நிபுணர்களும் அரசியல் அறிஞரும் கூடி ஆராய்ந்து 1962-ல் வெளியிட்ட பெருநூலிலிருந்து அது கிளைத்தது. சமன்பாடுகளில் அது சுலபமாகத் தோன்றும். செம்பரம்பாக்கத்தில் அதன் கூர்மை தெரியும். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உள்ள அந்த ஏரி சென்னையின் குடிநீருக்காக இருக்கிறது. ஆகவே மழைக்காலத்தின் முடிவில் நிறைந்திருக்கவேண்டும். அடையாற்றின் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதற்கோ அதில் வெற்றிடம் இருக்கவேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதியன்று, மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியபோது, ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிட நேர்ந்தது. ஏரிக்குக் கீழே உள்ள பிரதேசத்தின் நீரும் தடுப்பார் இன்றி அடையாற்றில் கலந்தது. நான்கு நாள் முன்னால் திறந்திருக்கலாம் என்று பிறகு எல்லோரும் சொன்னோம். திறந்த பிறகு மழை பொய்த்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதற்கு, ஏரிகள் வறண்டு ரயிலில் குடிநீர் வந்த 2019-ஆம் வருஷக் கோடை பதில் சொல்லும். ஒரே ஏரிக்கு இரண்டு எஜமானர்கள். வானிலை முன்னறிவிப்பின் பிழையை வெற்றிடத்தின் அளவாக மாற்றுவது எப்படி என்பதே இன்று பல ஆய்வேடுகளின் பொருளாக இருக்கிறது. போதாக்குறைக்கு, பழைய வருஷங்களின் மழை எதிர்காலத்துக்குப் பிரமாணம் ஆகும் என்ற அனுமானமே செத்துவிட்டது என்று 2008-ல் நீரியல் அறிஞர்கள் சிலர் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் தலைப்பிட்டு எழுதினார்கள். அனுமானம் செத்தாலும் அதற்குப் பதில் எதை வைத்துக்கொள்வது என்பதில் இன்னும் ஒருமனம் ஏற்படவில்லை. வகுப்பில் பழைய கணக்கைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள்.

ஆய்வுக்காக ஊருக்குப் போகிறவர்கள் சந்திக்கும் மற்றொரு ஆசிரியர் நீர்க்கட்டி. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க விதி வகுத்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கு ஆயிரத்து நூறு வயதாகிறது. வாரியம் போனாலும், தெற்கத்திக் கண்மாய்களில் மடை திறக்கவும் வயலுக்கு வயல் தண்ணீர் கட்டவும் ஊரார் நியமித்து, அறுவடையில் நெல் அளந்து கொடுக்கும் நீர்க்கட்டி சில ஊர்களில் இன்னும் இருக்கிறார். மாணவர் டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி, கண்மாயின் உட்பரப்பை மட்டம் பார்த்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்று வரைந்து, ஆவியாவதைக் கழித்து, இத்தனை ஏக்கருக்கு இத்தனை நாள் என்று கணக்கிட்டு முடிக்கும்போது, கரைமேல் உட்கார்ந்திருக்கும் அவர், “மடையில மூணாம் படி தெரிஞ்சிருச்சுல்ல தம்பி, இனி பதினஞ்சு நாளைக்குத்தான், கடைமடைக்காரங்க இப்பவே வந்து நிப்பாங்க பாருங்க” என்பார். கணக்கும் ஏறக்குறைய அதையே சொல்லும். கடைமடைக்காரர்கள் வந்து நிற்பதை மட்டும் கணக்கு சொல்லாது. ஆயக்கட்டுக்குள்ளேயே கிணறு வெட்டிக்கொண்டவர்களுக்கு மடை அடைத்தாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்பதையும், அவர்கள் வராததால் வரத்துக்கால் தூர்வாரும் கூட்டம் நடக்காமல் போனதையும், அதனால் போன வருஷம் நல்ல மழையிலும் கண்மாய் பாதிதான் நிறைந்தது என்பதையும் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இதனாலேயே பாசன மேலாண்மை வகுப்புகளில் சமூகவியலும் பொருளாதாரமும் இடம்பெறுகின்றன. பொறியியல் மாணவர்கள் அந்தத் தாள்களைச் சற்று இளக்காரமாகப் படிப்பது வழக்கம்.

படித்தால் உத்தியோகம் உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறையிலிருந்து 2021-ல் தனியாகப் பிரிக்கப்பட்ட நீர்வளத் துறையும், குடிநீர் வடிகால் வாரியமும், மத்திய நீர் ஆணையமும் ஆள் எடுக்கின்றன. ஆனால் அங்கே உதவிப் பொறியாளராக நுழைவதற்குப் பட்டப்படிப்பே போதும், மேற்படிப்பைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. மேற்படிப்புக்கு நேரான மதிப்பு ஆலோசனை நிறுவனங்களிலும் ஆராய்ச்சியிலும் கல்லூரி ஆசிரியர் பதவியிலும்தான். நகரங்களின் வெள்ள வடிகால் திட்டங்கள் பெருகியிருப்பதால் ஆலோசனை நிறுவனங்களில் இப்போது வேலை இருக்கிறது. கணினி நிறுவனத்தில் சேர்ந்த சகமாணவரின் சம்பளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர் ஏமாற்றமடைவார்.

சேர நினைப்பவர் புள்ளியியலைப் பயமில்லாமல் படித்துவிட்டு வரவேண்டும். கட்டடக் கணக்கில் கெட்டிக்காரராக இருந்தவர்கள்கூட நிகழ்தகவில் இடறி விழுகிறார்கள். ஆய்வேட்டுக்கு மூன்றாம், நான்காம் செமஸ்டர்கள். மூன்றாம் செமஸ்டர் ஜூலை, ஆகஸ்டில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வார வாக்கில் இறங்குகிறது. அதற்குள் ஊரைத் தேர்ந்து, கண்மாய்க்கரையில் மழைமானியை வைத்து, தினம் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுத உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டவருக்குத் தம் கையால் அளந்த ஒரு பருவம் கிடைக்கும். தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டவர், துறைத்தலைவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய பதிவேடுகளுக்காக அலுவலகம் அலுவலகமாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். பதிவேடு கிடைக்கும்போது பெரும்பாலும் பிப்ரவரி ஆகிவிடும்.